கை நனைக்காத இரண்டு நாள்

தோவாளை,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய சிதம்பரதாணு அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வள்ளிநாயகம் வணங்கி எழுதுவது. அங்கே நீங்கள் சௌக்கியமா? அக்காவின் முட்டுவலி தேவலையா? இங்கே பார்வதியும் மகள் சுஜாவும் பரம சௌக்கியம். என் சௌக்கியத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போன் என்றால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

சுஜாவுக்கு நீங்கள் கொண்டுவந்த வரன் ஹரிகுமாரின் வீடு பார்க்க நானும் பார்வதியும் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினோம். தாய் தகப்பன் இல்லாத பையன், வேலை பார்க்கிற இடத்திலேயே குடியிருக்கிறான் என்று சொன்னீர்கள். அந்த இடம் மணக்குடிக் காயலுக்கு அந்தப் பக்கம், கடலோரத் தாழங்காட்டுக்குள் அவன் மேனேஜராக இருக்கும் சொகுசு விடுதி என்பதையும், படகில்தான் போகமுடியும் என்பதையும், அரை நாளில் பார்த்துவிட்டு வர நினைத்த எங்களை அவன் இரண்டு நாள் தங்கச் சொல்லிப் பிடித்துக்கொள்வான் என்பதையும் சொல்லவில்லை. புறப்படும்போது நீங்கள் சொன்னது ஒன்றுதான். "வேய் வள்ளிநாயகம், கை நனைச்சிராதேயும். பேசி முடிக்குகதுக்கு முந்தி அந்த வீட்டுல ஒருவாய் தின்னாலும் சம்மதம்னு அர்த்தமாயிரும், பாத்துக்கிடும்." அத்தான், விருந்தாளிக்குச் சாப்பாடு போடுவதையே தொழிலாக வைத்திருக்கிற இடத்துக்கு ஒருவனை அனுப்பும்போது சொல்லுகிற பேச்சா இது?

தண்ணீர் குடிக்கலாமா என்று படகிலேயே எனக்கும் பார்வதிக்கும் தகராறு. தண்ணீர் தாகத்துக்கு, அதில் உறவு ஒட்டாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கரை இறங்கியதும் கையில் இளநீரைக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வழுக்கையை மட்டும் விட்டுவிட்டேன். அப்படி ஒரு வழுக்கை அத்தான், இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அறைக்கு மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருக்கிறது. மேலே ஓலைக்கூரை. எங்கள் வீட்டு ஓலையைப் பிரித்து ஓடு போட அப்பா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், இங்கே ஓலைக்கு அடியில் படுக்க ஆட்கள் விமானத்தில் வருகிறார்கள். குளியலறைக்கு அந்த ஓலையும் கிடையாது. நான் குடை பிடித்துக்கொண்டு குளித்தேன். மழை ஒன்றும் இல்லை, மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. பார்வதி கட்டிக்கொண்டுவந்த முறுக்கும் ஏத்தங்காய் வத்தலும் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கைகழுவித் திரும்பினால், அந்த நாலாவது சுவர் வழியாக ஒரு மயில் வந்து தின்றுகொண்டிருக்கிறது! முருகனுடைய வாகனத்தைச் செருப்பால் எறிய முடியுமா? "போ மக்கா, போயிரு" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். முழுவதையும் முடித்துவிட்டுத்தான் போயிற்று.

மதியம் பெரிய வெள்ளைத் தட்டு வந்தது. தோவாளையில் நாம் மூட்டையாகக் கட்டி அனுப்புகிற பூவில் இரண்டே இதழைக் கிள்ளி நடுவில் வைத்து, சுற்றிலும் என்னென்னவோ. வாசனை மூக்கில் ஏறி மூளைவரைக்கும் போய்விட்டது. ஹரிகுமார் கைகட்டிப் பக்கத்தில் நின்று, "மாமா, சாப்பிடல்லியா?" என்றான். கை நனைக்காத வீட்டில் மாமா என்ன மாமா! "இன்னைக்கு சஷ்டி விரதம் தம்பி" என்றேன். மறுநாள் பரிதாபமாகத் தோசையோடு வந்தான். "இன்னைக்குக் கிருத்திகை" என்றேன். "சஷ்டிக்கு மறுநாளே கிருத்திகையா மாமா?" என்று கேட்டான். "எங்க தோவாளையில அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். பாவம், தலையாட்டிக்கொண்டு தோசையைத் திருப்பி எடுத்துப் போனான். அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்வதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவளுக்கு இவ்வளவு மனவுறுதி இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. சாப்பாட்டு வேளை வந்தால், "சமையல்காரி தங்கபாய்கிட்ட ரெண்டு வார்த்தை பேசீட்டு வாறேன். வீட்டு லெச்சணம் அடுக்களையிலதான் தெரியும்" என்று போய்விடுவாள். ஒரு மணி நேரம் கழித்து முகம் தெளிந்து வருவாள். நான் கட்டிலில் சுருண்டு கிடக்க, அவள் மணலில் விறுவிறு என்று நடப்பாள். ஒரு தடவை ஏப்பம்கூட விட்டாள். கேட்டதற்கு, "வெறும் வயித்துல காத்து கேறினா அப்படித்தான்" என்றாள். பட்டினியிலும் என்ன ஒரு நிதானம்!

இரண்டாம் நாள் பையன் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டினான், ஆமை முட்டையிட்ட இடம் காட்டினான். கரை ஒதுங்கிக் கிடந்த ஜெல்லி மீன் எல்லாம் எனக்கு ஆப்பமாகத் தெரிந்தது. இஞ்சினீயரிங் படித்தவன், நண்டு குறுக்கே வந்தால் நின்று வழிவிட்டு நடக்கிறான். எனக்குத் தலைசுற்றியபோது தோளைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தான். உண்மையைச் சொன்னால் பையனிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

ஆனாலும் வேண்டாம் அத்தான். திரும்பி வரும்போது படகிலிருந்து பார்த்தேன், அந்தக் கரை சின்னதாகிக்கொண்டே போயிற்று. சுஜாவை அங்கே விட்டுவிட்டு வருவதாக நினைத்துப் பார்த்தேன், கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். முப்பத்தொரு வயசு, இது பதினஞ்சாவது வரன் என்றெல்லாம் எனக்கும் தெரியும். சாயங்காலம் காலேஜில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிற குரல் இல்லாமல் எனக்கு முடியாது. அவளிடம் கேட்டால், "நீங்க பாத்துச் சொன்னா சரிப்பா" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

ஆகையால் பையனின் சித்தப்பாவிடம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடவும். நாங்கள் கை நனைக்கவில்லை, யாருக்கும் யார்மேலும் வருத்தப்பட வழியில்லை. அக்காவுக்கு என் நமஸ்காரம். தாணுமாலயன் உங்கள் எல்லோரையும் வேளாவேளைக்குச் சாப்பிடவைத்துக் காப்பாற்றட்டும்.

எட்டாவது தோசையை முடித்த கையோடு,
வள்ளிநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தைப் பார்வதிக்கு வாசித்துக் காட்டினேன். "கை நனைக்கல்லைன்னு யாரு சொன்னா?" என்றாள். "நீங்க நனைக்கல்ல. நான் நனைச்சாச்சு." அஞ்சு வேளையும் அத்தான்! அடுக்களையில் தங்கபாயோடு சம்மணம் போட்டு, இலை போட்டு, அவியல், எரிசேரி, சக்கப் பிரதமன் பாயசம் இரண்டு தரம். வேலைக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் ஹரிகுமார் உட்காருவானாம், தன் இலையைத் தானே எடுப்பானாம். "தங்கபாய்க்குக் காய்ச்சல்னா அவன்தான் கஞ்சி வைப்பானாம். எம்மவளுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? ஒரு காயலுக்கு அந்தப் பக்கம்தானே, வாய்விட்டுக் கூப்பிட்டாக் கேக்கும்" என்றாள். உள்ளேயிருந்து வந்த சுஜா, "அம்மைக்குப் பிரதமன் பிடிச்சுதுன்னு ஹரி அப்பவே போன் பண்ணிச் சொன்னாருப்பா" என்றாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பேனாவை மறுபடியும் எடுத்துவிட்டேன்.

எனவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடவும். நம் குடும்பம் முழங்கைவரை நனைத்தாயிற்று, இனிப் பின்வாங்குவது மரியாதை இல்லை. ஆவணியில் நாள் பாருங்கள். நிச்சயதார்த்தம் அந்த விடுதியிலேயே நடக்கட்டும், முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. அந்த மயில் பக்கத்தில் வராமல் மட்டும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.