மூளை வகை சொன்ன செம்புக் குண்டு

காக்ஸ் டவுனில் அந்தக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடையாது. வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ ஏறி வந்தவர்கள், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கேப் பேசி வந்தவர்கள் என்று தெருமுனை வரை வரிசை நின்றது. எல்லாரும் சி.ஏ. பரீட்சைக்குப் படிப்பவர்கள், அல்லது படிப்பவர்களைப் பெற்றவர்கள். பெற்றவர்கள்தான் அதிகம்.

வாசலில் கட்டியிருந்த பேனரில் 'மூளை வகை மாமணி டாக்டர் ஜெயராமன்ஜி' சிரித்துக்கொண்டிருந்தார். எந்த ஆஸ்பத்திரி டாக்டர், எந்தப் பல்கலைக்கழக டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெய்வ குற்றம் ஆகிவிடுமே!

ஜி கண்டுபிடித்த தத்துவம் ரொம்பச் சுலபம். உலகத்தில் மூளைகள் மூன்றே வகை. செவி மூளை, கண் மூளை, கை மூளை. மேடையில் அமர்ந்திருக்கும் ஜி உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கட்டைவிரலுக்கு மேலே நூலில் கட்டிய செம்புக் குண்டு ஒன்றைத் தொங்கவிடுவார். குண்டை ஆட்டுவது பிரபஞ்ச சக்தியாம். குண்டு வட்டமடித்தால் செவி மூளை. நேராக ஆடினால் கண் மூளை. நடுங்கினால் கை மூளை. செவி மூளைக்காரன் ஒலிப்பாடம் கேட்டால் போதும். கண் மூளைக்காரன் வண்ண அட்டைகளைப் பார்த்தால் போதும். கை மூளைக்காரனுக்கு மந்திரித்த பேனா. மூன்றும் மண்டபத்தின் பின்பக்கத்திலேயே விற்பனைக்கு இருந்தன. பிரபஞ்ச சக்திக்கு வியாபார ஒழுங்கு நன்றாகத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசையில் நின்றவர்கள் நாளைக்கு ஊரார் கணக்கைத் தணிக்கை செய்யப் போகிறவர்கள். ஒரு டீச் செலவுக்கு ரசீது இல்லையென்றால் முகம் சுளிப்பவர்கள். குண்டிடம் மட்டும் ஒருவரும் ரசீது கேட்கவில்லை.

ராஜலக்ஷ்மி தன் மகள் ஸ்னேஹாவை இங்கேதான் அழைத்து வந்திருந்தார். ஸ்னேஹா ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி செய்துகொண்டே சி.ஏ. இன்டர் எழுதியவள். முதல் தடவை தேறவில்லை. ஆனால் கணக்குப் பாடங்களில் நல்ல மதிப்பெண். காரணம், ஒவ்வொரு கணக்கையும் தாளில் போட்டு, அடித்து, மறுபடி போட்டுப் பழகியவள். தோற்ற பாடத்தை இன்னொரு முறை ஊன்றிப் படித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அம்மாவுக்கு அது ரொம்பச் சாதாரணமாகப் பட்டது.

ஜி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணை மூடினார். குண்டு வட்டமடித்தது.

"செவி மூளை! பரீட்சை வரைக்கும் பேனாவைத் தொடக்கூடாதும்மா. தொட்டா காது வழியா வந்த ஞானம் கை வழியா வெளியே போயிடும்."

"கேட்டியாடி? அதான் போன தடவை போச்சு," என்றார் ராஜலக்ஷ்மி, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

அன்றிலிருந்து ஸ்னேஹாவின் காதில் ஒலிப்பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் இருந்த பேனாக்களை எல்லாம் அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டினார். பாத்திரம் தேய்க்கும்போதும், ஆபீஸ் பஸ்ஸிலும், சாப்பிடும்போதும் காதில் பாடம்தான்.

பரீட்சை நெருங்கியது. ஒரு மதியம் ஆபீஸில் உடன் பயிற்சி பெறும் தோழி சங்கமித்ரா பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். இருவரும் போட உட்கார்ந்தார்கள். அம்மா கண்ணில் படாத இடம் என்று ஸ்னேஹாவும் பேனாவை எடுத்தாள். ஸ்னேஹா எல்லா விதிகளையும் வாயால் ஒப்பித்தாள். தாளில் மட்டும் எதுவும் வரவில்லை. முன்பு கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு அது. பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் சேரவில்லை. எங்கே தவறு என்றும் புரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? நீதானே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தே?"

ஸ்னேஹா விஷயத்தைச் சொன்னாள். சங்கமித்ரா சிரிக்கவில்லை.

"அன்னைக்கு மேடை ஏறும்போது எப்படிப் போனே?"

"எப்படின்னா? பஸ்ல பாட்டு கேட்டுட்டு வந்தேன். இயர்போன் கழுத்துல தொங்கிட்டு இருந்தது."

"சரி. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

அந்த ஞாயிறு மண்டபத்தில் ராஜலக்ஷ்மியும் ஸ்னேஹாவும் முன்வரிசையில் உட்கார, சங்கமித்ரா ஓரமாக நின்று மேடையையே பார்த்தாள். மூக்குக் கண்ணாடி போட்டவன் போனான், கண் மூளை. சட்டைப் பையில் பேனா செருகியவன் போனான், கை மூளை. காதில் இயர்போனோடு ஒருத்தி போனாள், செவி மூளை. பிரபஞ்ச ரகசியம் அவ்வளவுதான். எதுவுமே இல்லாமல் போனவர்களுக்கு வாய்க்கு வந்தது.

ஜி மைக்கைப் பிடித்து முழங்கினார். "எனக்கு உங்க முகம் வேண்டாம், பேர் வேண்டாம். கட்டைவிரல் ஒண்ணு போதும்!"

"அப்போ ஆளை மறைச்சு வெச்சுப் பார்க்கலாமா சார்?" சங்கமித்ரா முன்னே வந்து கேட்டாள்.

தொண்டர்கள் பாய்ந்து வந்தார்கள். "சந்தேகம் புடிச்சவங்க வெளிய போங்க!"

ஜியைக் காப்பாற்ற முன்வரிசையிலிருந்து எழுந்தவர் ராஜலக்ஷ்மிதான். "யாக்கே, ஏன் தடுக்கறேள்? குருஜி பண்ணிக் காட்டட்டும். அந்தப் பொண்ணு வாயடைச்சுப் போகட்டும்!" கூட்டம் கைதட்டியது. ஜிக்கு வேறு வழியில்லை.

வாசல் பேனரைக் கழற்றி வந்து மேடையில் இரண்டு பேர் பிடித்தார்கள். ஒரு பக்கம் ஜி. மறு பக்கத்துக்குச் சங்கமித்ரா கையைக் காட்டி அழைத்தது ஸ்னேஹாவை. சபைக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஜிக்குத் தன்னுடைய சிரித்த முகத்தின் முதுகு மட்டும் தெரியும்.

பேனரின் ஓரமாக ஒரு கட்டைவிரல் நீண்டது. ஜி கண்ணை மூடினார். "கண் மூளை!"

விரல் உள்ளே போனது. "அடுத்தது பாருங்க சார்," என்றாள் சங்கமித்ரா. அதே விரல் மறுபடி நீண்டது. "ஆஹா, கை மூளை! அபூர்வமான கை!"

சபையில் சிரிப்பு கிளம்பியது. ஜி அதைப் பாராட்டு என்று எண்ணி முகம் மலர்ந்தார். ஒரு தொண்டர் பலமாக இருமினார். ஜி அதை ஜலதோஷம் என்று எண்ணிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு சார்." அதே விரல்.

"செவி மூளை!"

மண்டபம் அதிர்ந்தது. பேனரை இறக்கினார்கள். ஸ்னேஹா நீட்டிய அதே கட்டைவிரலோடு தனியாக நின்றாள். குண்டை ஆட்டியது பிரபஞ்சம் அல்ல, ஜியின் சொந்த விரல் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜி மறுபடி மைக்கைப் பிடித்தார். "மூளையோட அலைவரிசை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அது உங்களுக்குப் புரியாது."

"நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்னா, பரீட்சை வரைக்கும் பேனாவைத் தொடாதேன்னு எந்த நிமிஷத்துக்குச் சொன்னீங்க?" என்றாள் சங்கமித்ரா.

ஜி பின்பக்க வாசலைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து வந்தது ராஜலக்ஷ்மியின் குரல். கைதட்டத் தூக்கிய அவர் கை அப்படியே நின்றிருந்தது. "என் பொண்ணு கையால போட்டுப் போட்டுப் படிச்சா சார். நீங்க சொன்னேள்னு நானே அந்தப் பேனாவைப் பிடுங்கினேன்." மேடையேறி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்பக்க வாசலில் சரக்கு ஆட்டோ ஒன்று கிளம்பியது. ஒலிப்பாடம், வண்ண அட்டை, மந்திரித்த பேனா எல்லாவற்றுக்கும் நடுவில் மாமணியும் குந்தியிருந்தார்.

ஸ்னேஹா மறுநாளே தாளை எடுத்தாள். கை முதலில் தடுமாறியது. தினமும் உட்கார்ந்து போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். பரீட்சையில் தேறினாள். 'குருஜியின் அருள் கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது' என்று குடும்ப வாட்ஸ்ஆப்பில் ஒரு மாமா எழுதினார். ராஜலக்ஷ்மி அவரைக் குழுவிலிருந்தே நீக்கினார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் நடந்தது. மண்டபம் காலியாகும்போது கண்ணியமான ஒருவர் சங்கமித்ராவிடம் வந்து, தன் மகனை முன்னே தள்ளி, பவ்யமாகக் கேட்டார்:

"மேடம், அந்த ஆள் ஃபிராடுன்னு தெரிஞ்சுபோச்சு. இவன் என்ன மூளைன்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்களேன்?"

சங்கமித்ரா அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்க சார். வந்தா படிப்பு சரி. வரலைன்னா இன்னொரு தரம் படிக்கச் சொல்லுங்க. மூளை என்ன வகைன்னு கேட்டு அலையறதை விட்டுட்டு, இருக்கிற மூளையை நீங்களும் கொஞ்சம் உபயோகிச்சுப் பாருங்க!"