முப்பத்தாறு பாயிண்ட் மேனேஜர்

ஒரு நாகரிகத்தின் உயரத்தை எதை வைத்து அளப்பீர்கள்? கோபுரத்தை வைத்தா, பாலத்தை வைத்தா? இரண்டும் இல்லை. ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகும்போது, அதன் எழுத்துகள் உடுத்தின துணி கலையாமல் போய்ச் சேர்கின்றனவா என்பதை வைத்துத்தான்.

இந்த மாபெரும் உண்மையை உணர்ந்திருந்தது அந்த நாலாம் மாடி ஆபீஸ் ஒன்றுதான். லிஃப்டுக்குள் மாட்டுகிற 'அவசரக் குறிப்பு'த் தாள்களை அச்சடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில்.

"புது சாஃப்ட்வேருக்கு மாறும்போது ஒரு ஸ்டைல்கூட சாகக்கூடாது. பேர்கூட மாறக்கூடாது" என்று முழங்கினார் மேனேஜர். 'ஸ்டைல் பாதுகாப்புக் குழு' உடனே உதயமானது. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே.

தாள்களை வடிவமைக்கும் லேஅவுட்காரர் மாட்டிக்கொண்டார். பாயிண்டில் சொல்லும் எழுத்தின் அளவு, தடிமன், கீழே விடும் இடம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒரு பெயர் வைத்தால் அது ஸ்டைல். பெயர் வைப்பது அவர் இஷ்டம். எவன் பார்க்கப் போகிறான் என்ற தைரியத்தில், பதினோரு வருஷமாக ஆபீஸ் ஆட்களின் பெயர்களையே வைத்திருந்தார்.

"பேரை மாத்திடுங்களேன்" என்றார் ப்ரூஃப் பார்க்கும் அக்கா.

"இப்போ மாத்தினா அறுநூறு ஃபைலும் அவுந்து அம்மணமா நிக்கும்க்கா."

"மாத்தலைன்னா நீங்க நிப்பீங்க."

கூட்டத்தில் ஸ்டைல் பட்டியல் புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்தது. மேனேஜர் மந்திரம் போல வாசித்துக்கொண்டே வந்தார். நாலாவது வரியில் குரல் நின்றது.

"'மேனேஜர்'. முப்பத்தாறு பாயிண்ட். ரொம்பத் தடிமன். கீழ முழுக்கக் காலி." கண்ணாடியைக் கழற்றினார். "யாருய்யா இது?"

இந்த வயசில் வேறு எவன் வேலை கொடுப்பான்? லேஅவுட்காரர் எழுந்து நின்றார். "நீ... நீங்கதான் சார்."

"இதைவிடப் பெரிசு இருக்கா?"

"இல்ல சார்."

"டைரக்டர்?"

"பதினெட்டு, சார்."

மேனேஜரின் முகம் பூரித்தது. "சரி, கீழ ஏன் காலி?"

"உங்க பக்கத்துல வேற யாரு சார் நிக்க முடியும்?" என்று அக்கா கைகொடுத்தார்.

தப்பித்தோம் என்று லேஅவுட்காரர் மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி வந்தது. 'அக்கா'. ஒன்பது பாயிண்ட்.

"இது எங்க வருது?"

"எல்லா இடத்துலயும் சார். விஷயம் பூரா இதுலதான் இருக்கு."

"அப்போ நான்?"

"உச்சியில ஒரு வரி, சார்."

"உச்சியில ஏத்தி உக்காரவச்சு ஓரங்கட்டுறீங்களா? இனிமே மேலேருந்து கீழ வரைக்கும் நான்தான் இருக்கணும்!"

"சார், தாளே ஒரு சாண்தான்..."

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார்."

அன்று மாலையே முதல் தாள் மேலிருந்து கீழ்வரை 'மேனேஜர்' ஸ்டைலிலேயே அச்சாகி, அதே கட்டடத்து லிஃப்டில் கைதட்டலோடு மாட்டப்பட்டது. 'எந்த ஸ்டைலுக்கும் உயிர்ச்சேதம் இல்லை' என்று டைரக்டருக்குக் கடிதம் பறந்தது. லேஅவுட்காரரின் வேலையும் பிழைத்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே லேஅவுட்காரர், அக்கா, இன்னும் மூன்று பேர். தாளில் 'பதறாதீர்கள். உடனே அழைக்க வேண்டிய' என்பதுவரை இருந்தது. எண்ணுக்கு இடமில்லை.