இர்பான் வைத்த தென்னங்கன்று

கொல்லையில் தென்னங்கன்றின் மட்டை ஒன்று மஞ்சளடித்துச் சாய்ந்திருந்தது. ஆயிஷா அதன் மேல் ஈரத் துப்பட்டாவைப் போட்டு மறைத்தாள். துணி காய்கிறதென்று மாமி நினைத்துக்கொள்ளட்டும்.

கத்தாருக்குப் போகுமுன் இர்பான் வைத்த கன்று. ஏழு மாதத்துக்கு முன் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டான், அடக்கமும் அங்கேதான். மதுக்கூர் வீட்டில் மிஞ்சியது அவன் மனைவி ஆயிஷாவும், அவன் உம்மாவான மாமி சைத்தூன் பீவியும், இந்தக் கன்றும். சைத்தூன் பீவி தினமும் காலையில் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள்.

வேரடியைக் கிளறினால் விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். வேளாண்மை அலுவலகத்தில் ஷோபனா மேடம் வெள்ளைப் பொடி பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார்.

"இதுல கண்ணுக்குத் தெரியாத நூற்புழு உசுரோட இருக்கும்மா. வேரைத் திங்கிற புழுவுக்குள்ள புகுந்து கொன்னுடும். ஃபிரிட்ஜுல வச்சிருந்து, சாயங்காலமா தண்ணியில கரைச்சு ஊத்துங்க."

மதியமே அது மாமி கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்னம்மா?"

"மூஞ்சிக்குப் போடுற பவுடர் மாமி."

"இப்பவாச்சும் மனசு வந்துச்சே. உக்காரு."

மாமி பன்னீரில் குழைத்துத் தன் கையாலேயே பூசிவிட்டாள். கன்னத்தில் லட்சக்கணக்கான புழுக்களோடு ஆயிஷா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்தில் மாமி சிரித்தது அன்றைக்குத்தான். மிச்சத்தை மாமி தன் முகத்தில் தடவிக்கொண்டாள்.

ஆயிஷா இரண்டாவது பாக்கெட்டை வாங்கிவந்து ஃப்ரீசரில் மீனுக்கு அடியில் ஒளித்தாள்.

"உறைஞ்சா அதுவும் செத்துடுமேம்மா" என்றார் ஷோபனா.

மூன்றாவதைச் சொன்னபடியே ஊற்றினாள். நாலாம் நாள் குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கிளறிப் பார்த்தால் கீழே வேரென்று ஒன்றும் மிச்சமில்லை. குருத்தைப் பிடித்தபடி, அடுப்படியில் இருந்த மாமிக்குக் கேட்காமல் அழுதாள்.

மறுநாள் மாமி சுகர் டெஸ்டுக்குப் போன நேரம் பார்த்து, தெருமுனை ஃபாஜிலின் ஆட்டோவில் பட்டுக்கோட்டை நர்சரிக்குப் போனாள். அதே உயரம், அதே ஐந்து மட்டை. தேடித் தேடி ஒன்றை எடுத்துவந்தாள்.

கன்றை இறக்கும்போது சொன்னாள்: "மாமிக்கு மட்டும் தெரிய வேணாம் ஃபாஜில். அவங்க தாங்க மாட்டாங்க."

"சொல்ல மாட்டேன் லாத்தா" என்றான் ஃபாஜில். "ரெண்டு மாசம் முன்ன நீங்க நீடாமங்கலத்துல உங்க உம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, இர்பான் அண்ணன் வச்சது பட்டுப்போச்சு, தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு மாமியும் என் ஆட்டோலதான் இதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து நட்டாங்க. அதை உங்ககிட்ட நான் சொன்னேனா?"