ஆயருக்குப் போர்த்தின சால்வை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. சால்வை காயப் போடுறது.

கொட்டாஞ்சேனையில எங்கட கோயிலுக்கு அடுத்த நாள் ஆயர் வாறார். பிள்ளையளுக்கு உறுதிப்பூசுதல், பரிசுத்த ஆவியைப் பெறுற சடங்கு. அதுக்காக இளைஞர் ஒன்றியத்துப் பிள்ளையள் பாடகர் குழுவின்ர வெள்ளைச் சால்வையளுக்கும் ஆயருக்குப் போர்த்துற ஒண்டுக்கும் மஞ்சள் அவிச்சுச் சாயம் போட்டவை. தலைவி என்ர மகள் ஷாமினி.

"அம்மா, மொட்டை மாடியில நிழல் பக்கமாக் காயப் போடுங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ. ப்ளீஸ்!"

"ஏன், எனக்குத் துணி காயப் போடத் தெரியாதோ?"

அவள் பாட்டுப் பழகப் போயிட்டாள். நான் ஒரு சால்வையை எடுத்து மணந்து பார்த்தன்.

தனிப் பருப்புக் கறி!

ஆயருக்குப் போர்த்தப் போற சால்வை பருப்பு மணக்கலாமோ? கொன்வென்ட்டில சிஸ்டர்மார் எனக்குப் பழக்கின துப்புரவு பொங்கி எழும்பிச்சுது. பெரிய வாளியில சவர்க்காரத் தூளைக் கொட்டி, எல்லாத்தையும் அமுக்கி ஒரு கசக்குக் கசக்கினன்.

வாளி முழுக்க இரத்தம்!

பக்கத்து மாடி மாலனி எட்டிப் பார்த்து, என்ன நடந்ததெண்டு சிங்களத்தில அலறினா. "அய்யோ நோனா, மொகத உனே?"

"ஒண்டும் நடக்கேல்ல. கொயர் உடுப்பு!" எண்டன். அவ ஜன்னலைச் சாத்திப் போட்டா.

ஷாமினி திரும்பி வந்து கொடியைப் பார்த்தாள்.

"சவர்க்காரம் போட்டனீங்களோ?"

"கொஞ்சூண்டு."

"மஞ்சளில சவர்க்காரம் பட்டாச் சிவக்கும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே அம்மா!"

எனக்கும் தெரியும். மஞ்சள் பூசின பேப்பரில அதே பரிசோதனையைச் செய்து, ஓ/எல் சோதினையில சயன்ஸுக்கு டிஸ்டிங்ஷன் எடுத்தவள் நான்.

அவள் அழுதுகொண்டு பங்கு ஃபாதருக்கு ஃபோனில கோல் எடுத்தாள். அவர் சிரிக்கிறார்! "உறுதிப்பூசுதலுக்குச் சிவப்புத்தானே மகள் பொருத்தம். அப்பிடியே விடுங்கோ. அம்மாவை மட்டும் இனித் தண்ணிப் பக்கம் விடாதேங்கோ."

அலசாமலே காய்ஞ்சுது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, மண்டபத்தில ஆயருக்கும் ஒரு சால்வை போர்த்தினம். வெள்ளை அங்கிக்கு மேல நல்ல எடுப்பு.

"பரிசுத்த ஆவியின்ர நெருப்பு மாதிரி! ஆற்ற யோசனை?" எண்டு ஆயர் கேட்டார்.

நான் தலையைக் குனிஞ்சு அடக்கமாச் சிரிச்சன். ஷாமினி என்னைப் பார்த்த பார்வையை விடுங்கோ.

அதோட நிண்டிருக்கலாம். தேசிக்காய் ஜூஸையும் நானே கரைச்சு, நானே நீட்டினன்.

ஆயர் ஒரு மிடறு குடிச்சார். ரெண்டு துளி சால்வையில விழுந்துது. விழுந்த இடம் பளிச்செண்டு மஞ்சள்! புளி பட்டாச் சிவப்புத் திரும்ப மஞ்சளாகும் எண்டதும் அதே பரிசோதனைதான்.

பதறிப்போய்க் கையில இருந்த லேஞ்சித் துணியால துடைச்சன். அந்த லேஞ்சியிலதான் தேசிக்காய் வடிச்சனான். நெஞ்சு முழுக்க மஞ்சள். அங்கியிலயும் மஞ்சள்.

ஆயர் குனிஞ்சு பார்த்தார். பிறகு மெல்ல மணந்தும் பார்த்தார்.

"மகள், மத்தியானத்துக்குப் பருப்போ?"

இப்ப இளைஞர் ஒன்றியம் எனக்கு ஒரு வேலைதான் தந்திருக்குது. கதிரை அடுக்கிறது. எல்லாம் பிளாஸ்டிக் கதிரை. நான் கழுவினாலும் நிறம் மாறாது.