இரண்டு வீட்டுக்காரன்

வெளிநாட்டில் ஒரு வீடு வாங்கி, அதில் என் மனைவியைக் குடிவைப்பது என்று முடிவு செய்தேன்.

இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். என் மனைவியை. என்னை அல்ல.

எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் வெளிநாட்டில் வீடு வாங்கிவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் அங்கே போய், கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடுவதாகத் திட்டம். என் திட்டம் அவ்வளவு அற்பமானதல்ல. எனக்கு வேண்டியது நிம்மதி. என் வீட்டில், என் நாற்காலியிலிருந்து நான் எழுந்தால், "எதுக்கு இப்ப எழுந்தீங்க?" என்று யாரும் கேட்காத நிம்மதி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கும் கேள்வி அது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கேட்பாள். எழாவிட்டால், "எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்தே இருப்பீங்க?" என்பாள். நான் பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கிறவன். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டென்று என்னைக் கேட்டுத்தான் கம்பெனியே தெரிந்துகொள்ளும். என்னிடமே, "சட்டை அழுக்காயிருக்கு, உங்களுக்குத் தெரியாது, கழட்டுங்க" என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் விசாரிக்கப்படுவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

வழி காட்டியவர் வீட்டுத் தரகர். சட்டைப்பையில் எப்போதும் ஊர்ச் சாவியெல்லாம் குலுங்குவதால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர்.

"நல்ல வீடு சார். ஆனா அந்த நாட்டுச் சட்டம்தான் கொஞ்சம் தொந்தரவு," என்று இழுத்தார். "மேல் மாடியை வாடகைக்கு விடணும்னா, வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க கீழ்த்தளத்துல குடியிருக்கணும்."

"அப்பப்ப போய்ப் பார்த்தா போதாதா?"

"போதாது சார். அங்கேயே இருக்கணும். இதைக் கேட்டுத்தான் பல பேர் ஓடிடறாங்க."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டை அவள் பேரில் வாங்கினால் போதும். மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இருபத்தைந்து வருடம் நான் தேடிய கூட்டாளி ஏதோ ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தான்!

அன்று மாலை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக ஆரம்பித்தேன்.

"வெளிநாட்டுல ஒரு வீடு வாங்கலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். உன் பேர்லதான்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இந்த வீடும் என் பேர்லதான் இருக்கு. அதையாவது பொம்பளை பேர்ல வட்டி கம்மின்னு வாங்கினீங்க. இது எதுக்கு?"

"பாசம்தான்."

"வட்டியாவது நம்புற மாதிரி இருந்துச்சு." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "சரி, நான் அங்க. நீங்க?"

"எனக்கு வேலை இருக்கே. கடனை என் சம்பளத்துலதானே பிடிப்பாங்க. நான் ஒண்டியா இங்க கஷ்டப்பட்டுக்கிறேன்."

'ஒண்டியா' என்ற இடத்தில் குரலை லேசாக உடைத்தேன். காலையில் குளியலறையில் பழகிப் பார்த்தது.

"சாப்பாடு?"

"ஏதோ பொங்கிக்கறேன்."

"துணி?"

"ஏதோ தோச்சுக்கறேன்."

"காய்ச்சல் வந்தா?"

"ஏதோ... அதுவும் வந்துட்டுப் போயிடும்."

"எல்லாத்துக்கும் பதில் தயாரா வச்சிருக்கீங்க," என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டைக் கைபேசித் திரையில்தான் பார்த்தோம். அங்கே ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தான். சாவிக்கொத்து எங்கள் சோபாவில் உட்கார்ந்து விளக்கினார். அவள் குழாயைத் திறக்கச் சொன்னாள். அலமாரியைச் சாத்தச் சொன்னாள். மேலே போகத் தனி வாசலா என்று கேட்டாள். நான், விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டேன். தூரம்தான் என்றார்கள். பிடித்திருக்கிறது என்றேன்.

கீழ்த்தளத்து ஜன்னல் வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். வெளியே ஒரு மரம். வெயில் தரையில் கிடந்தது.

"இங்க நாற்காலி போடலாம்," என்றாள்.

"ரெண்டு தாராளமா போடலாம் மேடம்," என்றார் சாவிக்கொத்து.

"ஒண்ணு போதும்."

கேட்டு எனக்கு மனம்கொள்ளாத சந்தோஷம். அந்தக் குஷியில் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "இந்தா பாருங்க, இனிமே ரெண்டு வீட்டு விஷயமும் இவதான். என்ன செய்யணும்னாலும் இவளையே கேளுங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவள் அவர் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள்.

"கேட்டேன் மேடம்," என்றார். சாவிகள் குலுங்கின.

கிளம்புவதற்கு முன் வீட்டையே கவிழ்த்து அட்டைப்பெட்டிகளில் அடைத்தாள். என் துணிகளும் பெட்டிக்குள் போயின. "பூச்சி அரிக்கும்," என்றாள். போகிற நேரத்திலும் என் சட்டைமேல் என்ன அக்கறை என்று நினைத்தேன்.

விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நன்றாகவே வந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், "உடம்பைப் பார்த்துக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் சுதந்திர மனிதன்! வழியில் ஒரு உணவகத்தில் நுழைந்தேன். உட்கார்ந்தேன். காரணமே இல்லாமல் எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை. பரிமாறுகிறவர் மட்டும் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருக்கிறது. கூடத்தில் ஒரு இளம் தம்பதி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு சுவரை அளக்கிறார்கள். நடுவில் சாவிக்கொத்து.

"வாங்க சார். சாமான் எடுக்க வந்தீங்களா? உங்க பெட்டியெல்லாம் லிஃப்ட் பக்கத்துல வச்சிட்டேன். பத்திரமா இருக்கு."

"யாருய்யா இவங்க?"

"புதுசா குடிவர்றவங்க. மேடம் பேசி முடிச்சிட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு நீங்கதானே சார்..."

போனை எடுத்தேன். அவளைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் விமானம் ஏறியிருக்கவில்லை.

"என்னடி இது? வீட்டை வாடகைக்கு விட்டுட்டியா?"

"ஆமாங்க. அந்த மேல் மாடிக்கு இன்னும் ஆள் வரலை. உங்க சம்பளம் கடனுக்கே போயிடுது. எனக்கு அங்க செலவுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நான் எங்க போறது?"

"ஏதோ பார்த்துக்குங்க."

"அப்ப நான் அங்க வந்துடறேன். மேல் மாடி காலியாத்தானே இருக்கு!"

"வேலையை விட்டுட்டா? கடன் உங்க பேர்ல. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. இரண்டு வீடும் அவள் பேரில், கடன் மட்டும் என் பேரில் என்று எழுதிக்கொடுத்த புத்திசாலி நான்தான்.

"இவ்வளவு நாள் வாயே திறக்கலையே," என்றேன். இந்த முறை குரல் தானாகவே உடைந்தது.

"குளியலறையில நீங்க குரலை உடைச்சுப் பழகினது எனக்குக் கேட்டுச்சுங்க. கதவுக்குக் கீழே அவ்வளவு இடைவெளி." சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அன்னைக்கு எனக்கு அழுகையா வந்துச்சு. என்னை அனுப்புறதுக்கு ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடணுமான்னு. அப்புறம் யோசிச்சேன். எனக்கும்தான் இருபத்தஞ்சு வருஷமா உட்கார ஒரு ஜன்னல் ஓரம் கிடைக்கல. உங்களுக்குத் தனியா இருக்கணும். எனக்கும் தனியா இருக்கணும். ஏன் சண்டை?"

பின்னால் ஏதோ அறிவிப்பு ஒலித்தது. "கூப்பிடறாங்க. வச்சிடறேன்," என்றாள்.

லிஃப்ட் பக்கத்தில் என் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் சட்டை, பனியன், போர்வை என்று அழகாக எழுதியிருந்தது. போர்வைமேல் உட்கார்ந்தேன்.

சாவிக்கொத்து பக்கத்தில் வந்து நின்றார். மனுஷன் நல்லவர். முகத்தில் பரிதாபம் தெரிந்தது.

"எனக்கு ஒரு ரூம் வேணும்," என்றேன். "சின்னதா இருந்தாலும் பரவாயில்லை."

"யார் யார் சார் இருப்பீங்க?"

"நான் மட்டும்தான். தனியா."

அவர் தலையைச் சொறிந்தார்.

"தனி ஆம்பளைக்கு யாரும் வீடு தர மாட்டாங்க சார். சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வாங்க, காட்டறேன்."