தொடாமல் விட்ட பாதி

ஒரு விஷயத்தில் ஆராய்ச்சி செய்பவனை அந்த விஷயத்துக்குக் கிட்டவும் விடக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆராய்ச்சிக்காரன் நான்தான்.

எண்பதுகளின் கடைசியில், எந்த உழவு முறைக்கு எவ்வளவு எரிபொருள் போகும் என்று லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். ஆழ உழுதால் டீசல் குடிக்கும். மேலாகக் கிளறினால் குறையும். உழாமலே விதைத்தால் பெரிய மிச்சம். (இதைச் சொல்லாமல் நான் ஒரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்ததில்லை.)

அந்த வாயோடுதான் லண்டனிலேயே ரெய்னர்ஸ் லேன் பக்கம் பெண் பார்க்கப் போனேன். வதனியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா, கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத்தைக் கொத்தி நாரி பிடித்து, நிமிர முடியாமல் இருந்தார்.

"மாமா, நான் கையுழவு மெஷின் கொண்டுவாறன். மேலாலை கிளறினாக் காணும், கொஞ்சப் பெற்றோலோடை முடிஞ்சிடும்." (அதற்குள் மாமாவாம்!)

"நல்லது தம்பி. உங்கடை வேலையையும் பார்த்திட்டே முடிவு சொல்லுறம்."

சனிக்கிழமை வதனியின் குடும்பமே தோட்டத்தில் வந்து நின்றது. முதல்நாள் நல்ல மழை. ஊரில் மழை பெய்தால்தானே வயலில் உழவு? ஈரம் இருந்தால் எரிபொருள் குறையும் என்று, போதாததற்கு வாளியால் தண்ணீரும் ஊற்றினேன்.

"தம்பி, இஞ்சத்தை மண் களியெல்லோ?"

"ஒண்டும் யோசியாதேங்கோ மாமா!"

பாதித் தோட்டம் தாண்டுவதற்குள் களிமண் மெஷினில் அப்பிக்கொண்டது. சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. நான் விசையை இன்னும் முறுக்கினேன். சேறு பறந்து மாமியின் சேலையில் போய் விழுந்தது. மெஷின் அச்சுவரை இறங்கி, இருந்த பெற்றோல் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஐயோ, வதனியின் பக்கம் திரும்பவே எனக்கு முகமில்லை.

பிறகு அடித்த வெயிலில் அந்தப் பாதி செங்கல்லாக இறுகியது. நான் தொடாத பாதியில் மாமா சும்மா குழி கிண்டிப் போஞ்சி விதை போட்டார். அது காய்த்துக் கொட்டியது.

சம்பந்தம் போச்சு என்று படுத்துக் கிடந்தேன். ஒருநாள் வதனி போன் எடுத்தாள்.

"அம்மான்ரை சேலையிலை சேறு இன்னும் போகேல்லை. வந்து தோய்ச்சுத் தாறீங்களோ?"

"ஓம், இப்பவே வாறன்!"

"மெஷின் வேண்டாம். கையாலை."

சேறு போகவில்லை, கல்யாணம் நடந்தது. என் ஆராய்ச்சியை உலகத்தில் முழுமையாக நம்புகிறவள் அவள் ஒருத்திதான். ஒழுகும் குழாயைத் திருத்த இன்றைக்கும் நான் எழும்பினால் போதும், பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவள் குசினிக்குள் இருந்தே சொல்வாள்:

"இஞ்சேருங்கோ, பேசாமல் இருங்கோ. தொடாமல் விட்டால்தானே மிச்சம்?"