அஞ்சு நிமிஷ டிக்கெட்

"இதுல மனுஷன் போவானா சார்?"

செத்த பல்லியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து, அந்த விமான டிக்கெட்டை மேலாளரின் மேஜைமேல் போட்டார் ரன்வே. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த டிக்கெட்டை எடுத்தவரும் அவரேதான்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றார் மேலாளர்.

"மஞ்சள் வால் சார். டிக்கெட் போட்டப்புறந்தான் எந்த பிளேனுன்னு பார்த்தேன். ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் இருபத்தெட்டு அங்குலம். உங்க உயரத்துக்கு முழங்காலக் கழட்டி, மேல பெட்டி வைக்கிற இடத்துலதான் வைக்கணும்."

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வேண்டாங்கிறீங்க?"

"நான் சொல்றதச் சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ரத்து பண்ணிடுங்க."

கதவுக் கீலும் தாழ்ப்பாளும் செய்கிற அந்தக் கம்பெனியில், வெளியூர்ப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்வது ரன்வேயின் வேலை. ரன்வே என்பது அலுவலகம் வைத்த பெயர். நீளமாகப் பேசுவார், ஒன்றும் கிளம்பாது. விமானங்களைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. பிடித்த விஷயமும் கிடையாது. விமானக் கம்பெனிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு மதித்ததில்லை, வாலின் நிறத்தைச் சொல்வதோடு சரி. மஞ்சள் வால் என்றால் ஆள்களை மூட்டையாக அடுக்குகிறவர்கள். நீல வால் என்றால் நேரத்துக்குக் கிளம்பத் துப்பில்லாத கூட்டம். பச்சை வால் மட்டும் கொஞ்சம் தேவலை, அதுவும் அவர்கள் கொடுக்கும் சாண்ட்விச்சைப் பிரிக்காதவரை. நாலு இன்ஜின் விமானங்களோடு பறப்பது என்கிற காரியமே முடிந்துவிட்டது, இப்போது மேலே போவதெல்லாம் டவுன் பஸ் என்பது அவர் கட்சி. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று பெட்டியை இழுக்கிற பயணிகளை அவர் மனித ஜாதியிலேயே சேர்ப்பதில்லை. இத்தனைக்கும் ஐயா தன் வாழ்நாளில் பறந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் இறங்கியவுடன் புகார்ப் புத்தகம் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த வேலையில் கண்ணாடிக்காரர் என்று ஒருவர் இருந்தார். திடீரென்று ஒரு நாள் அவரைக் குடோனுக்கு மாற்றி, ரன்வேயைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார் மேலாளர். குடோனில் கீல் பெட்டிகளும் துருவும் உண்டு, ஜன்னல் கிடையாது. "அந்த ஆளுக்கு ஒரு பிளேனுக்கும் இன்னொரு பிளேனுக்கும் வித்தியாசம் தெரியாது. அதான் தூக்கிட்டாங்க," என்று ரன்வே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. வந்திருந்தது என்றால், மேலாளர் தயார் செய்த பட்டியலில் பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக அவர் பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பளம் பெரிதாக ஏறாது. ஆனால் மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைக்கும். அந்த அறையின் ஜன்னல் நேராக விமானங்கள் இறங்குகிற திசையைப் பார்த்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரு இரும்பு அலமாரியின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அந்த ஜன்னல்தான் எல்லாம். அங்கே உட்கார்ந்து, இறங்குகிற ஒவ்வொரு விமானத்தையும் வாய் நிறையத் திட்டலாம் என்பதை நினைத்தாலே அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

நடுவில் வியாழக்கிழமை ஒன்று இருந்தது. அன்று காலை பதினோரு மணிக்கு மேலாளர் தலைமை அலுவலகத்தில் நேரில் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது.

டிக்கெட்டை ரத்து செய்த திங்கட்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, மஞ்சள் வால் கதையைக் கேட்டதும் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, போன தடவ அவரு ரயில்ல போனாரா இல்லையா?"

"போனாரு. சௌகரியமாத்தான் போனாரு."

"அதுக்கு முந்தின தடவ?"

"போகல. அந்த பிளேனோட இறக்கை நுனி பழைய மாடல். அதுல எப்படி அனுப்புறது?"

"அந்த மனுஷன் பொறுமைசாலி, அதனால நீங்க பொழச்சீங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் வாயத் திறக்காதீங்க. ஏறுறது அவரு, இறங்குறது அவரு. உங்களுக்கு ஏன் குடையுது?"

"உனக்கு பிளேனப் பத்தி என்ன தெரியும்?"

"டிக்கெட் போட்டா அதுல ஏறிப் போகணும்னு தெரியும்," என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை ரன்வே நீல வாலில் ஒரு டிக்கெட் எடுத்து, வாயை இறுக மூடிக்கொண்டு மேலாளர் முன்னால் வைத்தார். மேலாளர் அதைப் பார்த்தார். ரன்வே சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"இது எப்படி?" என்றார் மேலாளர்.

"நல்லா இருக்கு சார்."

"ஒண்ணும் குறை இல்லையே?"

ரன்வே மறுபடி நாள்காட்டியைப் பார்த்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"குறைன்னு சொல்ல முடியாது சார். இது விசிறி வெச்ச பிளேன். விவரம் இல்லாதவன்தான் விசிறியப் பார்த்துப் பயப்படுவான். உண்மையில இதுதான் பத்திரம். ஒரு இன்ஜின் நின்னா இன்னொண்ணு இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"இன்ஜின் நிக்குமா?"

"நிக்காது சார். நின்னாலும்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"ரெண்டும் நின்னா?"

"ரெண்டும் நின்னாக்கூட கல்லு மாதிரி விழாது சார். மெதுவா மிதந்துக்கிட்டே, ஏதாவது ஒரு வயல்ல..."

மேலாளர் கண்ணாடித் தம்ளரை எடுத்தார். தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். காலியான தம்ளரிலும் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

"வேற பாருங்க," என்றார் மெல்லிய குரலில். "உங்கள மாதிரி விவரமானவர் இருக்கும்போது எனக்கென்ன கவலை."

வெளியே வந்த ரன்வேக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் ஜன்னல் போய்விடுமோ என்ற பயம். மிச்சம் இருப்பது ஒரே நாள். இனி மேலாளரே அசந்துபோகிற மாதிரி ஒரு விமானத்தைப் பிடிப்பதென்று முடிவு செய்தார். பிடித்தும்விட்டார். பச்சை வாலின் பெரிய விமானம், நடுவில் இரண்டு நடைபாதை உள்ளது, புதன்கிழமை மத்தியானம் கிளம்புகிறது. அது தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு நேர் எதிர்த்திசையில் உள்ள ஒரு நகரத்துக்குப் போகிறது என்பது உண்மைதான். அங்கே ஐந்து மணி நேரம் காத்திருந்து, வேறொரு விமானம் பிடித்து, கிளம்பின ஊரின் தலைக்குமேலேயே பறந்து திரும்பிப் போக வேண்டும். ஆனால் அதற்குப் பெயர்தான் விமானம்.

"தெற்க போறதுக்கு வடக்க போகணுமா?" என்று கேட்டார் மேலாளர்.

"நல்ல பிளேன் வடக்கதான் சார் போகுது."

மேலாளர் டிக்கெட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காரில் ரன்வேயும் கூடப் போனார். மேம்பாலத்தில் ஏறியதும் மேலாளர் கண்களை மூடிக்கொண்டு முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "பாவம், வேலை அசதி," என்று ரன்வே டிரைவரிடம் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார். பாலம் இறங்கியதும் மேலாளர் விழித்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் பலகையைப் பார்த்த ரன்வேக்குத் தலை சுற்றியது. பெரிய விமானத்தை எடுத்துவிட்டுச் சின்ன விமானம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு அதன் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தால், அவர் செல்போனில் "உருப்படாதவை" என்று தனியாக எழுதி வைத்திருக்கும் பட்டியலில் ஏழாவதாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் போட்டுவிடு என்று மனைவியின் குரல் காதுக்குள் கேட்டது. பெட்டியைத் தூக்கித் தராசில் வைக்கக்கூடச் செய்தார். பிறகு அதை மறுபடி கீழே இறக்கினார்.

"பதினெட்டு வயசு பிளேன அனுப்புறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?" என்று கவுன்ட்டர் பெண்ணிடம் கேட்டார்.

"எனக்கு இருபத்தாறு சார். நானும் நல்லாத்தான் வேலை செய்யுறேன். அடையாள அட்டை குடுங்க."

"பெரிய பிளேனுன்னு சொல்லித்தானே டிக்கெட் வித்தீங்க?"

"பயணம் போறது நீங்களா சார்?"

"இல்ல. அதோ, அவரு."

"அப்ப அவர வரச் சொல்லுங்க. பின்னாடி வரிசை நிக்குது."

ரன்வே திரும்பிப் பார்த்தார். மேலாளர் தூரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க பேசி முடிங்க, அவசரம் இல்ல," என்று அங்கிருந்தே கையைக் காட்டினார். அவ்வளவு மரியாதை கிடைத்தபின் ரன்வே எப்படி நிறுத்துவார்? இருக்கையின் அகலத்தில் ஆரம்பித்து, ஜன்னல் கண்ணாடிக்கு வந்து, சாண்ட்விச்சில் நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பெண் பலகையைத் திருப்பி வைத்தாள்.

"கவுன்ட்டர் மூடியாச்சு சார். இனி யாரையும் ஏத்த முடியாது."

ரன்வேக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. காலை இழுத்துக்கொண்டு நடந்து போய் விஷயத்தைச் சொன்னார். மேலாளர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. தன்னால் ஒரு பெரிய மனிதர் பொது இடத்தில் அழும்படி ஆகிவிட்டதே என்று ரன்வேக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. திரும்பும் வழியில் மேலாளர் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். தான் இரண்டு குடித்தார். துக்கம் முற்றினால் சிலருக்கு அப்படித்தான் என்று ரன்வே நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தை மேலாளர் தன் அறையிலிருந்தே வீடியோவில் முடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து காரமாக ஒரு கடிதம் வந்தது. திங்கட்கிழமை நேரில் வந்தே ஆக வேண்டும், சாக்குச் சொல்லக் கூடாது.

"இதுதான் கடைசி," என்று மனைவி போனில் சொன்னாள். "குறை கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி டிக்கெட்டப் போட்டு முடிச்சுடுங்க. ஒரு வார்த்த பேசினீங்க, அந்த ரூம மறந்துடுங்க."

ரன்வே கண்ணை மூடித் திறப்பதற்குள் காரியத்தை முடித்தார். நேர் விமானம், திங்கள் காலை. அவசர வழி ஓரத்துச் சீட்டு. எல்லாம் ஐந்தே நிமிஷம். முதல்தடவையாக எந்த விமானம் என்று பார்க்கவே இல்லை. பார்த்தால் வாய் சும்மா இருக்காது என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

மேலாளர் அறையில் பட்டியல் விரித்து வைத்திருந்தது. பேனா திறந்து கையில் இருந்தது. ரன்வேயின் பெயருக்கு நேராகப் பேனா இறங்கிக்கொண்டிருந்ததை ரன்வே தன் கண்ணால் பார்த்தார்.

"டிக்கெட் சார்."

பேனா நின்றது. "அதுக்குள்ளயா?"

"ஆமா சார்."

"சீட்டு?"

"காலை நீட்டிப் படுக்கலாம் சார்."

"இன்ஜின்?"

"தங்கமான இன்ஜின்." இதைச் சொல்லும்போது ரன்வேக்கு நாக்கு கூசியது.

"நல்லாப் பார்த்தீங்களா? எங்கயாவது ஏதாவது இருக்கும். எப்பவும் இருக்குமே."

"இந்தத் தடவ ஒண்ணுமே இல்ல சார். ரத்து பண்ண முடியாத டிக்கெட். தலைமை ஆபீசுக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டேன். வந்து அழைச்சுக்கிட்டுப் போக ஆள் அனுப்புறாங்களாம்."

மேலாளர் அவரை வெகுநேரம் பார்த்தார். கூடவே இருந்து குழி பறித்தவனைப் பார்க்கிற பார்வை. பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பட்டியலை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"உங்களுக்கு," என்றார், கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, "தூசி ஒத்துக்குமா? குடோன்ல ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ரன்வே எப்படிப் படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. வாசலில் டிரைவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"மூணு வருஷமா எத்தனையோ டிக்கெட்டக் கெடுத்தேன். ஒரு வார்த்த கோபமாப் பேசல. இன்னிக்கு ஒரு குறையும் சொல்லாம அஞ்சே நிமிஷத்துல போட்டுக் குடுத்தேன், குடோனுக்குப் போங்கிறாரு. இது எந்த ஊரு நியாயம்?"

டிரைவர் துணியைப் பிழிந்து பானெட்டின்மேல் போட்டார்.

"உங்களுக்கு முன்னால இருந்த கண்ணாடிக்காரரும் அஞ்சே நிமிஷத்துலதான் சார் போட்டுக் குடுத்தாரு. மேம்பாலம் ஏறினாலே கண்ண மூடிக்கிட்டு நடுங்குற மனுஷன, மூணு வருஷமா பிளேன் பக்கமே போகாமக் காப்பாத்தினது நீங்கதான், அதுக்குத்தான் சார் உங்களுக்கு அந்த ரூமே குடுக்கிறதா இருந்தாரு."